குணசுந்தரியின் அறையில் ஓடிய குழாய்

குணசுந்தரி பெங்களூரு ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு ஆண்டர்சன்பேட்டையில் சொந்தமாக அறை போடப் போகிறேன் என்று சொன்னபோது, அவள் அண்ணன் சம்பங்கி கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார்.

"இன்னாடி சொல்ற? பன்னெண்டு வருஷ வேலை. ஏசி ரூமு, பேர் போட்ட கதவு. அத்த வுட்டுட்டு இங்க வந்து யாருக்கு வைத்தியம் பாக்கப் போற? நம்ம ஊர்ல மனசு சரியில்லன்னா ஒண்ணு சர்ச்சுக்குப் போவான், இல்ல சாராயக் கடைக்குப் போவான். உங்கிட்ட வருவானா?"

"ரெண்டு எடத்துக்கும் போயி வந்தவங்கதான் ண்ணா ஊர் முழுக்க இருக்காங்க. மூணாவதா ஒரு எடம் இருக்கட்டுமே" என்றாள் அவள்.

இருவருக்கும் பதினான்கு வயது வித்தியாசம். ஊர்த் தங்கச் சுரங்கத்தின் தூசி நெஞ்சில் கட்டி அப்பா போனபோது அவளுக்கு ஆறு வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியிருந்த சம்பங்கி அதே வருஷம் ஃபிட்டராகச் சுரங்கத்தில் இறங்கினார். பூமிக்குள் பாறையைத் துளை போடும் மிஷின்கள் எல்லாம் அழுத்தக் காற்றில் ஓடுபவை. அந்தக் காற்று போகும் இரும்புக் குழாய்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. சுரங்கத்தை மூடிய பிறகு இருபது வருஷம் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்குப் போய் ஒரு தொழிற்சாலையில் குழாய் பொருத்தினார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் குணசுந்தரி எம்.பில். வரை படித்தாள். ஒன்றாம் வகுப்பு மதிப்பெண் அட்டையிலிருந்து கடைசிச் சான்றிதழ் வரை எல்லாம் தேதி வாரியாக ஒரே ஃபைலில் இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் ஓர் எண் போட்டிருப்பார்.

தங்கச்சி என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "மனசுக்கு வைத்தியம். மாத்திரை கெடையாது, ஊசி கெடையாது. பேசியே சரி பண்ணிடுவா" என்பார். சொல்லும்போது அவர் தோள் ஓர் அங்குலம் உயரும்.

அறை சிவப்பிரகாசத்தின் ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் அமைந்தது. உள்ளே அவளுடைய அறை, வெளியே ஒரு சின்ன முன்னறை. ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த சம்பங்கி, முன்னறையில் தானே உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார். நீளமான நோட்டு வாங்கி, சிவப்பு மையில் கோடு போட்டு, வருகிறவர் பெயர், வர வேண்டிய நேரம், வந்த நேரம், போன நேரம் என்று நான்கு கட்டம் பிரித்தார். நோட்டு பறக்காமலிருக்க அதன் மேல் தம் பழைய ஸ்பேனரை வைத்தார். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கிய தண்ணீர்க் குழாய் ஒன்று அவள் அறையின் சுவரோரமாக ஓடி, நடுச்சுவரைத் துளைத்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து கடைக்கு இறங்கியது. அதன் துருவைச் சுரண்டி எடுத்து இரண்டு கோட் பச்சைப் பெயிண்ட் அடித்தார். ஒரு சொட்டு ஒழுக விடவில்லை.

குணசுந்தரி அவருக்கு இரண்டே நிபந்தனை போட்டாள். யார் வந்தார்கள் என்று தெருவில் மூச்சு விடக் கூடாது. உள்ளேயிருந்து என்ன சத்தம் வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது.

"அழுதா?"

"அழுதாலும்."

"கத்தினா?"

"கத்தினாலும். நான் கூப்பிட்டா மட்டும் வா."

"நான் இன்னா சின்னப் புள்ளையா?" என்றார் சம்பங்கி. அந்த இரண்டு நிபந்தனைகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார்.

முதல் வாரமே அவருக்கு அடுத்த அதிர்ச்சி. பேச்சு வைத்தியம் நடக்கும் அறைக்குள்ளிருந்து பேச்சே வரவில்லை. தொம், தொம் என்று தரையை மிதிக்கும் சத்தம்தான் வந்தது. பிறகு நீளமாக ஒரு மூச்சு. பிறகு யாரோ சுவரைத் தள்ளுவதுபோல் முனகல். வந்திருந்த பெண் போன பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளின் ஈரம் பதிந்திருந்தது.

"இன்னாம்மா இது? எம்.பில். படிச்சிட்டு டிரில் மாஸ்டர் வேலை பாக்கறியா? நான் ஊர் பூரா பேச்சு வைத்தியம்னு சொல்லிக்கினு கீறேன்!"

அவள் சிரித்தாள். அவரை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். பெங்களூரில் ஒரு வருஷம் முழுக்க அவளிடம் ஒருத்தி வந்தாளாம். நன்றாகப் படித்தவள். தனக்கு என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது என்று புத்தகம் படிப்பதுபோல் கோர்வையாகப் பேசுவாளாம். எல்லாம் புரிந்தது, எதுவும் மாறவில்லை. வருஷக் கடைசியிலும் அவள் தோள்கள் முதல் நாள் போலவே காதுவரை ஏறியிருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் குணசுந்தரி உடம்பின் வழியாக மனதைத் தொடும் முறையை இரண்டு வருஷம் தனியாகப் போய்க் கற்றுக்கொண்டாள்.

"பேச்ச வுட்டுடலண்ணா. முதல்ல பேசுவோம். பேச்சு ஒரு எடத்துல நின்னுடும். அப்ப அது உடம்புல எங்க நிக்குதுன்னு கேப்பேன். தொண்டைன்னு சொல்வாங்க, வயிறுன்னு சொல்வாங்க. காலை தரையில ஊனச் சொல்லி, மூச்ச வுடச் சொல்லி, அந்த எடத்த அவங்களே பாக்க வைப்பேன். அது கொஞ்சம் எளகினா மறுபடி பேச்சு வரும். நான் யாரையும் தொடறதில்ல. அவங்க கை, அவங்க காலு. ரெண்டும் மாறி மாறிப் போவணும். வெறும் பேச்சுன்னா கதையாப் பூடும், வெறும் உடம்புன்னா எதுக்கு அழுதோம்னே தெரியாது."

சம்பங்கிக்குப் பாதி புரிந்தது. ஆனால் இப்படி விளக்கம் சொல்ல ஊரில் வேறு யாரால் முடியும் என்று நினைத்தார். மறுநாளே சிவப்பிரகாசத்திடம், "பேச்சும் உண்டு, அதுக்கு மேலயும் உண்டு" என்று சொல்லி வைத்தார்.

ஐந்து மாதத்தில் நோட்டில் எழுபது பக்கம் நிறைந்தது. இப்படியிருக்கையில் ஒரு சனிக்கிழமை படியேறி வந்தவரைப் பார்த்து சம்பங்கி எழுந்து நின்றுவிட்டார். கைத்தடி ஊன்றி, மகள் ரெபேக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வால்டர்.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏழாயிரம் அடி ஆழத்தில் பாறை வெடித்துச் சரிந்தது. ஊரில் அதை பர்ஸ்ட் என்பார்கள். சரிவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். மரக்கட்டை முட்டுக் கொடுக்கும் வேலை செய்த வால்டரும் அவருடைய வேலை ஜோடி விநாயக்கும். பதினோரு மணி நேரம் கழித்துத் தோண்டி எடுத்தபோது வால்டர் மட்டும் மூச்சோடு இருந்தார். அந்த ஷிஃப்டில் சரிவுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களில் சம்பங்கியும் ஒருவர். அதற்குப் பிறகு இருவரும் கடைத்தெருவில் நூறு தடவையாவது எதிர்ப்பட்டிருப்பார்கள். "இன்னா வால்டரு", "இன்னா சம்பங்கி" என்பதோடு சரி. அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அப்பாவுக்கு வலது கை அங்கிள்" என்றாள் ரெபேக்கா. "திடீர்னு இறுகிடும். டம்ளரைப் புடிச்சா வுட மாட்டார். எல்லா ஸ்கேனும் எடுத்தாச்சு. கையில ஒண்ணுமில்லங்கறாங்க."

"கையில ஒண்ணுமில்லன்னா மண்டையிலதான் ஏதோ இருக்குன்னு இங்க இழுத்தாந்துட்டா" என்றார் வால்டர். "உன் தங்கச்சி மண்டைய தொறந்து பாப்பாளா சம்பங்கி?"

சம்பங்கி நோட்டில் பெயர் எழுதினார். வழக்கத்துக்கு மாறாக எழுத்து கோட்டை விட்டு இறங்கியது. வால்டர் தம் பழைய கூட்டாளி என்று தங்கையிடம் அவர் சொல்லவில்லை. ஊரில் யார்தான் கூட்டாளி இல்லை?

நான்கு சனிக்கிழமைகள் வால்டர் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார், பன்னிரண்டுக்குப் போனார். போகும்போது கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா பேசிக்கினு இருந்தோம்" என்பார்.

ஐந்தாவது சனிக்கிழமை பதினொன்று இருபத்தெட்டுக்கு, சம்பங்கியின் முதுகுக்குப் பின்னால் குழாயில் ஒரு சத்தம் வந்தது.

டங்.

தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது என்று நினைத்தார். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் கழித்து மறுபடி, டங். அதே இடைவெளி. டங்.

சுரங்கத்தில் பாறைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவன் கத்திப் பயனில்லை. காற்றுக் குழாயைத்தான் தட்டுவான். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை தட்டு. இந்தப் பக்கம் இருப்பவன் மூன்று தட்டிப் பதில் கொடுக்க வேண்டும்: கேட்டுவிட்டது, வருகிறோம் என்று அர்த்தம். அன்று குழாயில் காதை வைத்துக் கேட்டவர் சம்பங்கி. இரண்டிரண்டாக வந்தது. ஒவ்வொரு தடவையும் மூன்று தட்டினார். முக்கால் மணி நேரம் போனதும் அந்த இரண்டு, ஒன்றாகியது.

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி இருந்தவரை அவளிடமும் சொன்னதில்லை. ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலேயே அவர் வீட்டில்தான் முதலில் அழைப்பு மணி வந்தது. "கதவைத் தட்டாதீர்கள், மணியை அடிக்கவும்" என்று அழகான எழுத்தில் பலகை எழுதி மாட்டியிருந்தார். ஒழுங்குக்காரர், அப்படித்தான் இருப்பார் என்று ஊர் நினைத்தது.

டங்.

பச்சைப் பெயிண்ட் பெயர்ந்து தரையில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான், தம் கையில் ஸ்பேனர் இருப்பதும், அதால் குழாயை மூன்று தடவை அடித்துவிட்டதும் சம்பங்கிக்குத் தெரிந்தது.

உள்ளே தட்டு நின்றது. அடுத்த நொடி அங்கிருந்து ஓர் ஓலம் எழுந்தது. மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை அவர் அதுவரை கேட்டதில்லை. முதல் பக்கத்தில் போட்ட கையெழுத்து மறந்துபோயிற்று. கதவைத் தள்ளித் திறந்தார்.

வால்டர் குழாயில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தார். வலது கையில் தலைகீழாகப் பிடித்த கைத்தடி. அதன் இரும்புப் பிடி குழாய்மேல் ஒட்டியிருந்தது. இரண்டடி தள்ளி நின்ற குணசுந்தரியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. தன் தங்கையை அப்படி அவர் பார்த்ததே இல்லை.

"ண்ணா. வெளியே போ."

குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரைப் படிவரை தள்ளிக்கொண்டு போனது. படியில் உட்கார்ந்தார். கீழேயிருந்து சிவப்பிரகாசம் அண்ணாந்து கத்தினார்: "இன்னாப்பா சம்பங்கி, பைப்ப ஒடைக்கிறியா? பைப்பு கடை என்னுதுதான், அதுக்காக இப்படியா வியாபாரம் பண்ணிக் குடுப்ப?"

சம்பங்கிக்கு அது காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. ஒன்று மட்டும் புத்தியில் நின்றது. தங்கையின் பன்னிரண்டு வருஷத்தையும் ஆறு மாதத்தையும் மூன்று அடியில் உடைத்துவிட்டோம். வால்டர் இனி இந்தப் படி ஏற மாட்டார். உள்ளே நடப்பதை அண்ணன்காரன் ஒட்டுக் கேட்கிறான் என்று ஊர் சொல்லும். அப்புறம் யார் வருவார்கள்?

பன்னிரண்டைத் தாண்டியது. ஒரு நிமிஷமும் கூட்டாத குணசுந்தரி அன்று பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் கதவைத் திறந்தாள். வால்டர் தடியை ஊன்றி மெதுவாக வந்து, படியில் உட்கார்ந்திருந்தவருக்குப் பக்கத்தில் நின்றார்.

"மூணு தட்டினது யாரு?"

"நான்தான் வால்டரு. மன்னிச்சுடு, தெரியாம…"

"அத்த கேக்கல. அன்னிக்கி."

சம்பங்கி தலையை மட்டும் அசைத்தார்.

வால்டர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "நீயா?" என்றார். "நீயாடா? முப்பத்து மூணு வருஷம் மார்க்கெட்டுல எதிரெதிர்ல வந்தியேடா, பாவி."

"நான்தான்."

"அப்ப ஏன் நிறுத்தின?"

"நான் எங்க நிறுத்தினேன்? நீதான் நிறுத்திட்ட!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"விநாயக்கு போயிட்டான்" என்றார் வால்டர். "நான் ஒண்ணு தட்டினேன். மூணு வந்துது. மறுபடி ஒண்ணு தட்டினேன். மறுபடி மூணு. அப்புறம் தட்டறேன், தட்டறேன், ஒண்ணும் வர்ல. ரெண்டு பேருன்னா தோண்டுவாங்க, ஒருத்தனுக்காவ எவன் தோண்டுவான், போயிட்டானுங்கன்னு நெனச்சேன். கைய எறக்கிட்டேன்."

சம்பங்கி அவர் பக்கம் திரும்பினார். "போவலடா. ஷிஃப்ட் பாஸ் என்னிய லிஃப்ட் கேஜுக்கு ஓடச் சொன்னாரு. மேலேருந்து எறங்கற ரெஸ்க்யூ ஆளுங்களுக்கு வழி தெரியாது, நீ போய் இட்டாந்து காட்டுன்னாரு. குழாய்ல இன்னொருத்தன நிக்க வைக்கணும்னு எனக்குத் தோணல. நான் வந்து காத வெக்கறேன், ஒண்ணுமே இல்ல. நீயும் பூட்டன்னு நெனச்சேன். உன்ன உசுரோட தூக்கினு வரும்போது கூட, அந்த ஒண்ணு நான் வுட்டுட்டுப் போன ஒண்ணுன்னுதான்…"

வால்டர் தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேஜு கிட்டக்கத்தான் போன. முப்பத்து மூணு வருஷமாவா திரும்பி வந்த?" என்றார்.

சம்பங்கிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது. வால்டர் எழுந்து தடியை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிப் போனார். அடுத்த வாரம் வருவதாகவும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்று சாயந்தரம் குணசுந்தரி நோட்டை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவர் கைய அது போற போக்குல வுடுங்கன்னு நான்தான் சொன்னேன். அந்தப் பைப்பு ஒன்னோட ரூமுக்கும் போவுதுன்னு யோசிக்காதது என் தப்பு. நீ அந்த ஷிஃப்டுல அங்க இருந்தன்னு நீயும் சொல்லல."

"நீ கேக்கலையே."

"கேட்டேன் ண்ணா. பதினாலு வயசுல. அன்னிக்கி ஷிஃப்டு முடிச்சு வந்து குளிச்சிட்டு சாப்பிட ஒக்காந்த. அம்மா கதவத் தட்டினாங்க, நீ சோத்துத் தட்டோட எழுந்து நின்ன. இன்னா ஆச்சுன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, படின்னு சொன்ன. அதான் படிச்சேன்."

சம்பங்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாக இவளைத் தாம்தான் படிக்க வைத்தோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். இவள் படித்ததே தம்மைத்தான் என்பது அவருக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது.

"எனக்கும் அந்த சொவத்த தள்றது, காலை ஊனறதெல்லாம் பண்ணி வுட்டுடேன்" என்றார் கடைசியில்.

"நான் பண்ணக் கூடாது. நான் உன் தங்கச்சி, உனக்கு வெளி ஆளா நிக்க முடியாது. பெங்களூர்ல மேகனான்னு என் ஃப்ரெண்டு இருக்கா. வியாழக்கிழமை பத்தரைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். இனிமே நீ முன் ரூமுல ஒக்காரவும் கூடாது. வர்றவங்களுக்கு அது நியாயமில்ல."

"நோட்டு?"

"நான் எழுதிக்கிறேன்."

"கோடு நேரா போடுவியா?"

"ண்ணா!"

வியாழக்கிழமை அவர் ரயிலேறினார். அந்த அறையில் என்ன பேசினார் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் முதல் பக்கத்து நிபந்தனைதான். காலைத் தரையில் ஊனச் சொன்னபோது, ஏழாயிரம் அடிக்குக் கீழே ஊனினது போல இருந்தது என்று மட்டும் வந்து தங்கையிடம் சொன்னார்.

சனிக்கிழமை அவர் மாடிக்குப் போகவில்லை. சிவப்பிரகாசத்தின் கடையில் ஆணி டப்பாக்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தார். பதினொன்று. பதினொன்று ஐந்து. ஐந்து வாரமும் ஒரு நிமிஷம் பிந்தாத மனிதர்.

"வர்ற ஆளு வருவான்பா" என்றார் சிவப்பிரகாசம். "யாருன்னு நான் கேக்க மாட்டேன். உன் மூஞ்சிய பாத்தா என் கடைக்கு வர்றவன் ஓடிடுவான், கொஞ்சம் உள்ள தள்ளி ஒக்காரு."

பதினொன்று எட்டுக்கு, தெருமுனையில் கைத்தடியின் சத்தம் கேட்டது. ரெபேக்கா உடன் வரவில்லை. வால்டர் கடைக்குள் திரும்பிப் பார்க்காமல் படிப்பக்கம் போனார். மாடியிலிருந்து கடைக்குள் இறங்கும் பச்சைக் குழாய் வாசலோரமாகத்தான் வந்தது. அதன் எதிரில் ஒரு நிமிஷம் நின்றார். தடியைத் திருப்பிப் பிடித்தார்.

டங்.

சம்பங்கியின் உடம்பு எழுந்துவிட்டது. இந்தத் தடவை அது எழுவதை அவர் பார்த்தார். காலைத் தரையில் ஊனினார். மூச்சை விட்டார். பிறகு கல்லாப் பக்கம் கிடந்த ஒரு ஸ்பேனரை, தாமே நினைத்து, தம் கையால் எடுத்தார்.

டங், டங், டங்.

"ண்ணா!" என்று மாடியிலிருந்து குணசுந்தரியின் குரல் வந்தது.

வால்டர் படியேறத் தொடங்கியிருந்தார்.